ஊர் கூடிச் சமைப்போம்

பனிமய மாதா திருவிழாவுக்கு ஊர் திரும்பும் குடும்பங்கள், அசனத்துக்கு விறகடுப்பு மூட்டும் தேரிக்காட்டுக் கிராமங்கள், ஒரே சஹனைச் சுற்றி அமரும் காயல்பட்டினம். முத்துக்குளித்துறையின் விருந்து மரபு நம் வீட்டு அடுப்படிக்குச் சொல்லும் செய்தி என்ன?

ஜூலை 26-ஆம் தேதி பனிமய மாதா பேராலயத்தின் முன்னே கொடி ஏறியதும், தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு ஒரு கணக்குத் தொடங்கிவிடும். யார் எந்த ரயிலில் வருகிறார்கள், எத்தனை பாய் விரிக்க வேண்டும், எத்தனை படி அரிசி ஊற வைக்க வேண்டும், ஆட்டுக்கறிக்கு யாரிடம் சொல்லி வைப்பது? சென்னையிலிருந்து புறப்படும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு இடம் பிடிக்க முந்திக்கொள்ள வேண்டும். மும்பையில் வேலை பார்ப்பவரும் வளைகுடாவில் இருப்பவரும் கப்பலில் போனவரும் வருடத்தின் விடுப்பை இந்த நாட்களுக்கென்றே சேர்த்து வைக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வர முடியாதவர்கூட மாதா திருவிழாவுக்கு வந்துவிடப் பார்ப்பார்.

ஆகஸ்ட் 5 தூத்துக்குடி மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை. 2024-இல் அந்த நாள் திங்கட்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் விடுமுறை. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்ற பழமொழியை அளந்து வைத்தாற்போல வீடுகள் நிறைந்தன. ஒரு வீட்டில் நான்கு தலைமுறை, முற்றத்தில் செருப்புக் குவியல், அடுப்படியில் அணையாத அடுப்பு.

இந்த விருந்துகளைப் பற்றி எழுதும்போது ருசியைப் பற்றி எழுதுவது எளிது. அந்த ருசியை உண்டாக்கும் கைகளைப் பற்றியும் எழுத வேண்டிய காலம் இது. பகிர்ந்து உண்பதில் தமிழ்நாட்டுக்கே முன்மாதிரியாக நிற்கும் இந்தக் கடற்கரையிடம், பகிர்ந்து சமைப்பதற்கும் ஒரு மரபு இருக்கிறது. அந்த மரபு ஊர்ப் பொதுவெளியில் உயிரோடு இருக்கிறது. வீட்டு வாசல்படியைத்தான் இன்னும் முழுதாகத் தாண்டவில்லை.

கப்பலில் வந்த மாதா

புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1555-இல், மணிலாவிலிருந்து 'சாந்தா ஹெலேனா' என்ற கப்பலில் மாதாவின் திருச்சொரூபம் தூத்துக்குடி வந்து சேர்ந்ததாக ஆலய மரபு சொல்கிறது. இப்போதிருக்கும் ஆலயத்துக்கு 1712-இல் அடிக்கல் நாட்டி, 1713 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அர்ச்சித்தார்கள். 1806-இல் முதன்முதலாகத் தங்கத்தேர் ஓடியது. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இந்த ஆலயத்தைப் பேராலயமாக உயர்த்தினார்.

தங்கத்தேர் எல்லா ஆண்டும் ஓடுவதில்லை. சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே ஓடும். ஆலயத்தின் முந்நூறாம் ஆண்டான 2013-இல் ஓடியது. அதன்பின் 2023-இல் பதினாறாவது முறையாக ஓடியது. மற்ற ஆண்டுகளில் ஆகஸ்ட் 5 மாலை மாதாவின் சப்பரம் நகர வீதிகளில் பவனி வரும். தேர் என்றாலும் சப்பரம் என்றாலும் கூடும் கூட்டத்தைச் சாதி மதம் பார்த்துப் பிரிக்க முடியாது. பரதவர், நாடார், பிள்ளைமார், இஸ்லாமியர் என்று ஊரே தெருவில் நிற்கும். ஆடி மாதம் வேறு. மாவட்டத்தின் அம்மன் கோயில்களில் கொடை நடக்கும் காலமும் இதுதான். ஒரு தெருவில் மாதாவுக்கு மாலை, அடுத்த தெருவில் அம்மனுக்குப் பொங்கல். இரண்டு தெருவுக்கும் நடுவே தூக்குச்சட்டிகள் போய்வந்துகொண்டிருக்கும்.

அலையடியிலிருந்து அடுப்படிக்கு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக விடப்படும் அந்த இடைவெளி முடிந்து படகுகள் கடலுக்குள் போய் ஆறேழு வாரம் ஆகும்போது திருவிழா வருகிறது. கச்சான் காற்று அடிக்கும் பருவம். திரேஸ்புரம் கரையிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் சீலா, பாறை, விளமீன், ஊளி, கணவாய், நண்டு என்று வகை வகையாக இறங்கும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் முதல் நாள் கேட்பது இதைத்தான். பிரியாணி எந்த ஊரிலும் கிடைக்கும். கரையில் இறங்கிய மீன் அன்றைக்கே சட்டியில் கொதிப்பது இங்கேதான் கிடைக்கும்.

அதனால் பல வீடுகளில் விடுமுறையின் முதல் நாள் மீனுக்கு, திருநாள் ஆட்டுக்கறிக்கு என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. தினமும் மீன் சாப்பிடும் வீட்டில் பண்டிகை என்றால் கறிதான். ஆனால் வெளியூரிலிருந்து வந்த பிள்ளைக்கு மீன்தான் பண்டிகை. தேங்காயும் மிளகாயும் மல்லியும் சீரகமும் சின்ன வெங்காயமும் சேர்த்து அரைத்து, புளி கரைத்து, மண்சட்டியில் வைக்கும் குழம்பு அது. சீலாத் தலை யாருக்கு என்ற பேச்சுவார்த்தை குழம்பு கொதிக்கும் முன்னேயே முடிந்திருக்கும். மிச்சக் குழம்பு மறுநாள் காலை பழைய சோற்றுக்கு. அந்தக் குழம்புக்குத்தான் ருசி அதிகம் என்று சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை.

இந்தச் சட்டிக்குள் ஊரின் வரலாறே இருக்கிறது. உப்பு, ஊரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் உப்பளத்தின் உப்பு. நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. மாசிக் கருவாடு, இங்கிருந்து சரக்கேற்றிப் போகும் தோணிகள் மாலத்தீவிலிருந்து கொண்டு வந்து பழக்கிய ருசி. மிளகாயும் முந்திரியும் போர்ச்சுக்கீசியக் கப்பல்களோடு இந்தியாவுக்கு வந்தவை. அந்த முந்திரியையும் முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் மட்டும் சேர்த்துச் செய்வது தூத்துக்குடி மக்ரூன். விடுமுறை முடிந்து கிளம்பும் ஒவ்வொரு பையிலும் ஒரு மக்ரூன் பொட்டலம் இருக்கும். அதன் பக்கத்தில் உடன்குடிக் கருப்பட்டி. கோவில்பட்டி வழியாகப் போகிறவருக்கு 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாயும் உண்டு. சாப்பாட்டுக்குப் பின் மெல்ல ஆத்தூர் வெற்றிலை. ஒரு மாவட்டமே சேர்ந்து ஒரு விருந்தை ஆக்கிப் போடுகிறது.

பங்கு என்பது கடலின் சட்டம்

பகிர்ந்து உண்ணும் பழக்கம் இந்தக் கரையில் இவ்வளவு ஆழமாக வேரோடியிருப்பதற்குக் காரணம் பக்தி மட்டுமா? கடல் தொழிலின் அடிப்படையே பங்குதான். நாட்டுப்படகிலும் வள்ளத்திலும் போகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த மீனை விற்று, எண்ணெய்க்கும் பனிக்கட்டிக்கும் ஆன செலவைக் கழித்து, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அதற்கு முன்னேயே வீட்டுக் கறிக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் தனியாகப் போய்விடும். மீன்பாடு இல்லாத நாளில் யாருக்கும் இல்லை. பாடு உள்ள நாளில் எல்லோருக்கும் உண்டு.

முத்துக்குளிப்பும் அப்படித்தான் நடந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், மூழ்குபவர்களைப் பெரிய மீன்கள் தாக்காமல் மந்திரம் சொல்லிக் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதை எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேயர் காலத்தில் அரசின் பங்கு பெருத்தது. மூழ்கி எடுத்தவர்களுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் கூலியாகக் கிடைத்தது. மூழ்குபவர் ஒருவர், மேலே கயிறு பிடிப்பவர் ஒருவர். கயிறு பிடித்தவர் அசந்தால் மூழ்கியவருக்கு மூச்சு இல்லை. அதனால் அந்தப் பங்கிலும் இருவருக்கும் உரிமை இருந்தது. 1961-இல் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. சிப்பிப் படுகைகள் வற்றிப் போயின. சங்குகுளிப்பு மட்டும் இன்றும் நடக்கிறது.

முத்து போய்விட்டது. முத்தைப் பங்கிட்ட மனம் போகவில்லை. கடலில் உழைப்பையும் விளைச்சலையும் சேர்த்தே பங்கிட்ட மக்கள், கரையிலும் அப்படியே செய்வார்கள் என்பதற்கு அசனத்தைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

ஒரே அடுப்பு, ஊருக்கே சோறு

கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே போனால் செம்மண் தேரியும் பனையும். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் வட்டாரங்களில் பிரதிஷ்டைப் பண்டிகை என்றால் அசனம் இல்லாமல் முடியாது. ஆலயம் அர்ச்சிக்கப்பட்ட நாளை ஆண்டுதோறும் கொண்டாடி, ஊர் முழுவதற்கும் ஒரே இடத்தில் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து உண்பதுதான் அசனம். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களிலும் அந்தோனியாருக்கும் சந்தியாகப்பருக்கும் அசனம் நடக்கிறது.

முந்தின நாள் இரவே வேலை தொடங்கிவிடும். ஒரு பக்கம் மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம் உரிப்பார்கள். இன்னொரு பக்கம் தேங்காய் துருவுவார்கள். விறகு பிளப்பவர்கள், ஆடு உரிப்பவர்கள், தண்ணீர் சுமப்பவர்கள் என்று ஆளுக்கொரு வேலை. பொறியாளருக்கும் பனையேறிக்கும் ஒரே அரிவாள்மணை. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருப்பவர் வெங்காயம் உரிக்கும் வரிசையில் உட்காராவிட்டால் ஊர் விடாது. விடியும்போது வரிசையாக விறகடுப்புகள் எரியும். துடுப்பு போட்டு இரண்டு பேர் சேர்ந்து கிளறுவார்கள். வடித்த சோற்றைப் பாய்களில் மலைபோலக் குவிப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் பக்கத்து ஊர் வரை போகும்.

பிறகு பந்தி. ஆலயத்துக்கு வரி கொடுத்தவர், கொடுக்காதவர், இந்த ஊர்க்காரர், வழியில் போகிறவர் என்ற கேள்வியே இல்லை. உட்கார்ந்தவருக்கு இலை. வர முடியாத முதியவருக்கும் நோயாளிக்கும் வாளியிலும் தூக்கிலும் வீடு தேடிப் போகும். காலங்காலமாகச் சாதி பார்த்துப் பந்தி பிரித்த ஒரு நாட்டில், ஒரே பானைச் சோற்றை எல்லோரும் ஒன்றாக உண்பது பெரிய காரியம். எந்த ஊரில் இன்னும் அந்தப் பிரிவின் மிச்சம் இருக்கிறதோ, அந்த ஊரில் அசனம் இன்னும் முழுமை அடையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே காயல்பட்டினத்துக்குப் போனால் அதே அறம் வேறு பாத்திரத்தில். கல்யாண வீட்டுக் களரிச் சாப்பாட்டில் சஹன் என்னும் பெரிய அகன்ற தட்டில் சோற்றைக் கொட்டிக் கறியூற்றி வைப்பார்கள். இருவரோ மூவரோ அதைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டிலிருந்து உண்பார்கள். பக்கத்தில் இருப்பவர் உறவினராக இருக்கலாம், அன்றைக்குத்தான் பார்த்தவராகவும் இருக்கலாம். கறித்துண்டைத் தன் பக்கம் இழுக்காமல் எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளுவதுதான் சஹன் சாப்பாட்டின் மரியாதை. குலசேகரன்பட்டினம் தசராவில் வேடம் போட்டவர்கள் வீடு வீடாகக் காணிக்கை பெற்று முத்தாரம்மனுக்குச் செலுத்துகிறார்கள். தசரா நாட்களில் அன்னதானப் பந்திகளும் நடக்கின்றன. மாதா, முத்தாரம்மன், பள்ளிவாசல், பிரதிஷ்டை ஆலயம் என்று வழிபாடு எதுவானாலும், வந்தவரைப் பசியோடு அனுப்பக் கூடாது என்ற விதி ஒன்றுதான்.

விடுமுறை யாருக்கு?

இந்த விருந்துகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசனத்தில் துடுப்பு பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். களரிச் சோறு ஆக்குபவர்களும் ஆண்கள். கடலில் இரவு தங்கும் வள்ளத்தில் சோறாக்குபவரும் ஆண்தான். தோணியில் சமையலுக்கென்றே பண்டாரி என்று ஒருவர் உண்டு. மீனை ஆய்வது, செதில் சுரண்டுவது, கருவாட்டுக்குக் கீறுவது எல்லாம் இந்தக் கரை ஆண்களின் கைக்குப் பிறவியிலேயே வந்த வேலைபோல வரும். ஆயிரம் பேருக்குக் குழம்பு வைக்கும் கை, பொங்கும் கடலில் அடுப்பு மூட்டும் கை, வீட்டுக்குள் வந்ததும் சாப்பிட மட்டும் நீளுகிறது.

வீட்டு விருந்தின் கதை வேறு. திருநாள் காலையில் எல்லோரும் திருப்பலிக்குப் புறப்படும்போது ஒருத்தி மட்டும் ஆப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் மூன்று பந்தி முடிந்து அவள் உட்காரும்போது கறி தீர்ந்திருக்கும். மாலை சப்பரம் தெருமுனைக்கு வந்துவிட்டது என்ற சத்தம் கேட்கும்போது அவள் கை பாத்திரத்தில் இருக்கும். விடுமுறைக்கு வந்த மகளும் மருமகளும்கூடத் தங்கள் வீட்டில் செய்த அதே வேலையை இங்கே பெரிய பாத்திரத்தில் செய்வார்கள். மூன்று நாள் விடுமுறை என்று எல்லோருக்கும் எழுதியிருக்கிறது. அடுப்படிக்கு அது மூன்று நாள் கூடுதல் வேலை.

இது தூத்துக்குடிக்கு மட்டுமான குறை இல்லை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படி ஈடுபட்ட பெண் சராசரியாக 299 நிமிடம் உழைத்தாள். ஆண் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம். சாதாரண நாளிலேயே இந்தக் கணக்கு என்றால், இருபது பேர் வந்து தங்கும் திருவிழா நாளில் அது எங்கே போய் நிற்கும் என்று ஒவ்வொரு வீடும் தன் அடுப்படியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சமைக்க ஆளில்லையென்றால் வெளியில் வாங்கிவிடலாமே என்பது இன்றைய எளிய விடை. அவசரத்துக்கு அதில் தவறில்லை. ஆனால் வாங்கி வந்த சாப்பாட்டில் வயிறு நிறையும், கைப்பக்குவம் கைமாறாது. பாட்டி புளி கரைக்கும் பதம், அத்தை மாசியை இடிக்கும் விதம், எந்த மீனுக்கு எவ்வளவு தேங்காய் என்ற கணக்கு எதுவும் எழுதி வைத்ததில்லை. ஒரே அடுப்படியில் பக்கத்தில் நின்றால்தான் அவை அடுத்த தலைமுறைக்குப் போகும். சமைப்பவளின் களைப்பைத் தீர்க்கச் சமையலையே கைவிட வேண்டாம். களைப்பைப் பங்கிட்டால் போதும்.

அசனத்தை வீட்டுக்குள் கொண்டு வருவோம்

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அசனத்தின் ஒழுங்கை அப்படியே வீட்டுக்குள் எடுத்து வந்தால் போதும். அசனத்தில் முதலில் நடப்பது வேலைப் பிரிவினை. வீட்டிலும் யார் மீன் வாங்கி ஆய்வது, யார் வெங்காயம் உரிப்பது, யார் அரைப்பது, யார் பந்தி விசாரிப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று முந்தின நாள் இரவே பேசி முடித்துவிடலாம். கரையில் மீன் ஆயத் தெரிந்த சித்தப்பா வீட்டிலும் ஆயட்டும். தோணியில் சமைத்த தாத்தா பேரனுக்குக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுக்கட்டும். "மைனி, நீங்க உக்காருங்க, நான் உரிக்கேன்" என்று ஒரு கொழுந்தன் சொல்வதற்கு என்ன கஷ்டம்?

இரண்டாவது, கடைசிப் பந்தி என்று ஒன்றை ஒழிக்க வேண்டும். அசனத்தில் சமைத்தவர்களுக்கென்று சோறும் கறியும் தனியே எடுத்து வைப்பார்கள். வீட்டில் சமைத்தவளுக்கு அந்த மரியாதை கிடைக்க வேண்டும். முடிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, நடுவில் பாத்திரங்களை வைத்து, தாங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிடலாம். சஹனைச் சுற்றி அமர்பவர்களுக்கு யாரும் பின்னால் நின்று பரிமாறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மெனுவைக் குறைக்கலாம். அசனத்தின் பெருமை வகைகளின் எண்ணிக்கையில் இல்லை. சோறும் ஒரு குழம்பும் ஒரு கூட்டும் போதும் என்று ஊரே திருப்தியாக எழுந்திருக்கிறது. வீட்டில் மட்டும் ஏன் ஏழு வகையும் நாலு பலகாரமும்? வந்தவருக்கு வேண்டியது நம் முகம். அதை அடுப்பு மறைத்துவிடக் கூடாது.

நான்காவது, பிள்ளைகள். விடுமுறையில் பையன்கள் செல்போனோடு மாடியிலும் பெண்பிள்ளைகள் அடுப்படியிலும் இருக்கும் வீட்டில், இருபது வருடம் கழித்தும் இதே கட்டுரையை எழுத வேண்டி வரும். பத்து வயதுப் பையனுக்குத் தேங்காய் துருவத் தெரிய வேண்டும். அது அவனுக்குத் தண்டனை இல்லை; பெரியவர்கள் கதை பேசும் வட்டத்துக்குள் நுழைய அதுதான் வழி. ஊர்க் கதைகளும் உறவுமுறைகளும், எந்த மாமா எந்தக் கப்பலில் போனார் என்பதும் வெங்காயம் உரிக்கும் வரிசையில்தான் காதில் விழும்.

பல வீடுகளில் இந்த மாற்றம் தொடங்கிவிட்டது. மனைவியும் கணவனும் வேலைக்குப் போகும் வீடுகளில் வளர்ந்த இளைஞர்கள் தயக்கமில்லாமல் அடுப்படிக்குள் வருகிறார்கள். கப்பலிலும் வளைகுடாவிலும் தனியாகச் சமைத்துப் பழகியவர்கள் ஊருக்கு வந்து, தாங்கள் கற்றதைத் தாய்க்குச் சமைத்துப் போடுகிறார்கள். மகன் வைத்த குழம்பில் உப்புக் குறை கண்டுபிடிக்கும் தாயின் சந்தோஷத்தை விலை கொடுத்து வாங்க முடியாது. அந்த வீடுகளைப் பார்த்து மற்ற வீடுகளும் கற்றுக்கொள்ள வேண்டும். பேராலயத்திலும் ஆலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் பண்டிகைக்கு முன் பேசுபவர்கள் இதையும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

தேரை ஒருவர் இழுத்து நகர்த்திவிட முடியாது என்பது தங்கத்தேர் வடத்தைப் பிடித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வீட்டு விருந்தும் ஒரு தேர்தான். அதை இத்தனை காலம் ஒருத்தியே இழுத்திருக்கிறாள் என்பதுதான் வியப்பு. அடுத்த ஆகஸ்ட் 5 வருவதற்குள் ஒவ்வொரு வீடும் ஒரு முடிவு எடுக்கட்டும்: திருவிழா அன்று அந்த வீட்டின் எல்லாப் பெண்களும் மாலைச் சப்பரத்தைத் தெருவில் நின்று பார்க்க வேண்டும். அதற்கு அன்று மத்தியானச் சமையலில் யார் யார் எந்த வேலையை எடுத்துக்கொள்வது என்பதை மற்றவர்கள் இப்போதே பேசி வைக்கட்டும்.